கிணற்றில் இருக்கும் யூரியாவைக் கழித்துப் போடுங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துச் செம்மண்ணில் மரக்கறி செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: யூரியா பையைப் பிரிப்பதற்கு முன் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். நீங்களும் உங்கள் அயலும் இத்தனை வருஷமாகப் போட்ட பசளையில் பயிர் எடுக்காமல் விட்ட பங்கு அந்தத் தண்ணீரில் கரைந்து கிடக்கிறது. ஒவ்வொரு இறைப்பிலும் அது திரும்பத் தோட்டத்துக்கு வருகிறது. அப்படி வருவதைக் கணக்கில் எடுத்தால் கடையில் வாங்க வேண்டியது குறையும், விளைச்சல் குறையாது, கிணறும் மெல்ல மெல்லத் தேறும்.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது உரும்பிராயில் மருமகனோடு சேர்ந்து சின்ன வெங்காயம், மிளகாய், கத்தரி, கோவா, கொஞ்சம் கீரை செய்கிறேன். கீழே எழுதுவதெல்லாம் இந்த மண்ணுக்கும் இந்தத் தண்ணீருக்கும் உரியவை. வேறு இடத்தில் இருப்பவர்கள் கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொள்ளலாம்; அளவுகளை அப்படியே எடுக்க வேண்டாம்.

போட்ட யூரியா எங்கே போகிறது

குடாநாட்டில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மாரியில்தான் ஓடும். நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் இறைப்பதும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைத்தண்ணீர். அதற்குக் கீழே கடலின் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது. மேலே செம்மண், பல இடங்களில் அதிக ஆழமில்லை. அதன் கீழே வெடிப்பும் துவாரமும் நிறைந்த கல். மண்ணைத் தாண்டிய தண்ணீரைத் தடுத்து வடிகட்ட அங்கே எதுவும் இல்லை.

யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஈர மண்ணில் விழுந்தால் மண்ணில் உள்ள நொதியம் சில நாளிலேயே அதை அமோனியமாக மாற்றிவிடும். அமோனியம் மண்துகளில் ஒட்டிக்கொள்ளும், லேசில் அசையாது. ஆனால் எங்கள் வெக்கைக்கு இரண்டு மூன்று கிழமைக்குள் பக்டீரியாக்கள் அதை நைத்திரேற்றாக ஆக்கிவிடும். நைத்திரேற்றை மண் பிடித்து வைக்காது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும். வெங்காயத்தின் வேர் பெரும்பாலும் ஓர் அடிக்குள் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே போன நைத்திரேற்று வெங்காயத்துக்கு இல்லை, கிணற்றுக்குத்தான்.

மேலே தூவிவிட்டு அப்படியே விட்டாலோ இன்னொரு பக்கத்தால் போகும். சுண்ணாம்புச் சாரமுள்ள மண்ணில் யூரியா மேற்பரப்பில் கிடந்தால் அமோனியா வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். தண்ணீர் தேங்கி நிற்கும் பாத்தியிலிருந்து நைதரசு ஒட்சைட்டு வெளியேறும். 100 வருஷக் கணக்கில் பார்த்தால் காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு சூடேற்றும் வாயு அது. மொத்தத்தில், போட்டதில் பாதிகூடப் பயிருக்குள் போகாத தோட்டங்கள்தான் அதிகம்.

முன்பு துலாவால் இறைத்த காலத்தில் இப்படி ஆகவில்லை. துலா மிதிக்கும் ஆளின் உடம்பு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தண்ணீர்தான் வந்தது. பிறகு இறைப்பு மெசினும் மானிய விலை யூரியாவும் வந்தன. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கையில் நல்ல காசு புரண்டது. பல குடும்பங்கள் அதில்தான் வீடு கட்டின, பிள்ளைகளைப் படிப்பித்தன. அந்த உழைப்பை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது பழகிய கையளவுதான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது, கிணறு மாறிய பிறகும்.

தண்ணீரைச் சோதிப்பது

குடிதண்ணீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்தில் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பல கிணறுகள் அதைத் தாண்டியவை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நிறம், மணம், ருசி எதுவும் மாறாது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். சோதிக்காமல் தெரியாது.

ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அலுவலகத்திலோ விவசாயத் திணைக்களத்திலோ விசாரித்தால் வழி சொல்லுவார்கள். அதற்கிடையில் மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் நைத்திரேற்றுச் சோதனைத் தாளை வைத்தே தோட்டக் கணக்குப் போடலாம். தண்ணீரில் முக்கி எடுத்து, பெட்டியில் எழுதிய நேரம்வரை பொறுத்து, நிறத்தை ஒப்பிட வேண்டும். நிழலில் வைத்துப் பாருங்கள், வெயிலில் நிறம் ஏமாற்றும்.

ஒரு விஷயத்தில் கவனம். சில தாள்களும் சில அறிக்கைகளும் நைத்திரேற்றின் அளவைச் சொல்லும். சில, நைத்திரேற்றில் உள்ள நைதரசனின் அளவை மட்டும் சொல்லும். இரண்டாவது வகையானால் வந்த எண்ணை 4.43-ஆல் பெருக்கினால்தான் நைத்திரேற்று அளவு கிடைக்கும். அறிக்கையில் 11 என்று கண்டு நிம்மதியாகப் போனவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த 11 நைதரசன் கணக்கென்றால் தண்ணீர் ஏற்கனவே எல்லையில் நிற்கிறது.

மோட்டரைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு தண்ணீரை எடுங்கள். மாரி மழை முடிந்து தை மாதத்தில் ஒரு முறையும் கோடை முடியும்போது ஒரு முறையும் பார்த்தால் கிணற்றின் போக்கு தெரியும்.

தண்ணீரில் எத்தனை கிலோ யூரியா

இனிக் கணக்கு. இதற்கு உங்கள் மோட்டர் எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று தெரிய வேண்டும். 200 லீற்றர் பரல் ஒன்றை வாய்க்கால் தலைப்பில் வைத்து, அது நிரம்ப எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பாருங்கள். 40 செக்கன் என்றால் செக்கனுக்கு 5 லீற்றர், மணிக்கு 18,000 லீற்றர்.

16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் ஊற்றினால் ஒரு மில்லிமீற்றர் உயரம். ஒரு போகத்துக்கு மொத்தம் 500 மில்லிமீற்றர் இறைக்கிறீர்கள் என்று வைப்போம். பரப்புக்கு அது 1,26,500 லீற்றர். தண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால் அந்த 1,26,500 லீற்றரோடு வந்து சேரும் நைதரசன் சுமார் 1.4 கிலோ. யூரியாக் கணக்கில் 3 கிலோ.

நீங்கள் கையால் ஒரு பிடியும் தூவாமலே பரப்புக்கு 3 கிலோ யூரியா வாய்க்காலால் வந்துகொண்டிருக்கிறது. நைத்திரேற்று 100 என்றால் 6 கிலோ. 25 என்றால் ஒன்றரை. சுருக்கமாக, 500 மில்லிமீற்றர் இறைப்புக்கு, நைத்திரேற்று 10 மில்லிகிராம் கூடும்போதெல்லாம் பரப்புக்கு 600 கிராம் யூரியா என்று நினைவில் வைத்தால் போதும்.

பயிர் எவ்வளவு கேட்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பரப்பில் 400 கிலோ வெங்காயம் கிண்டினால் அந்தக் கிழங்கோடு தோட்டத்தை விட்டுப் போகும் நைதரசன் ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ. யூரியாவாகச் சொன்னால் இரண்டேகாலிலிருந்து மூன்றேகால் கிலோ. வெங்காயத் தாளுக்கும் (இலைக்கும்) வேருக்கும் இன்னும் கொஞ்சம். இந்த இரண்டு எண்களையும் முதல்முறை ஒரே கடதாசியில் எழுதிக் காட்டியபோது என் மருமகன் கனநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் வந்ததெல்லாம் வேருக்குக் கிடைக்காது. ஆகவே முதல் போகத்தில் தண்ணீரால் வரும் அளவில் பாதியை மட்டும் கழியுங்கள். 50 மில்லிகிராம் கிணற்றுக்கு ஒன்றரைக் கிலோ கழிவு.

எருவையும் கழிக்க வேண்டும். பரப்புக்கு 500 கிலோ மாட்டெரு போட்டால் அதில் சுமார் 3 கிலோ நைதரசன் இருக்கும்; முதல் போகத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளிவரும். அது 2 கிலோ யூரியாவுக்குச் சமன். கோழி எரு இன்னும் வலுவானது. 100 கிலோவில் இரண்டரைக் கிலோ நைதரசன்வரை இருக்கும், பாதிக்கு மேல் முதல் போகத்திலேயே கரைந்து வரும். 3 கிலோ யூரியா என்று வையுங்கள். கோழி எருவை அள்ளிக் கொட்டிவிட்டு மேலே யூரியாவையும் பழைய அளவுக்கே போடும் தோட்டங்களில்தான் கிணறு அதிகம் கெடுகிறது. இயற்கை எருவில் இருந்து வரும் நைத்திரேற்றும் அதே நைத்திரேற்றுத்தான்.

பரப்புக்கு 6 கிலோ யூரியா போட்டுப் பழகியவர் ஒருவர், மாட்டெருவும் போடுகிறார், கிணறு 50-இல் நிற்கிறது என்றால் அவருக்குத் தேவை இரண்டரைக் கிலோதான். ஒரேயடியாக அங்கே இறங்கச் சொல்ல மாட்டேன். முதல் போகத்தில் 4 கிலோவுக்கு வாருங்கள். மிச்சத்தைத் தோட்டமே சொல்லும், எப்படி என்றால் ஒப்புப் பாத்தியால்.

ஒப்புப் பாத்தி

தோட்டத்தில் ஒரே மண், ஒரே நிழல், ஒரே நாளில் நட்ட பாத்திகளில் மூன்றைத் தெரிந்து தடி நட்டு அடையாளம் வையுங்கள். ஒன்றுக்குப் பழைய முழு அளவு. ஒன்றுக்கு யூரியாவே வேண்டாம், எருவும் தண்ணீரும் மட்டும். மூன்றாவதற்கு, மிச்சத் தோட்டத்துக்குப் போடும் குறைத்த அளவு. மற்ற எல்லாம் மூன்றுக்கும் ஒன்றுதான்: அதே அடிக்கட்டு (நடும்போது மண்ணில் போடும் பசளை), அதே தண்ணீர், அதே மருந்து.

மேற்கட்டுப் பசளை (பயிர் வளரும்போது போடுவது) போடும் நாள் வரும்போது விடிய வேளைக்குப் போய் மூன்றையும் பாருங்கள். வெயில் ஏறினால் எல்லாம் ஒரே பச்சையாகத் தெரியும். முழு அளவுப் பாத்தியில் ஒரு தாள், குறைத்த பாத்தியில் அதே வயதுத் தாள், இரண்டையும் பிடுங்கி வெள்ளைக் கடதாசியில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நிறத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் இன்றைக்குப் பசளை தேவையில்லை. ஒரு கிழமை கழித்துத் திரும்பப் பாருங்கள். குறைத்த பாத்தி வெளிறத் தொடங்கியிருந்தால் போடுங்கள். யூரியா போடாத பாத்தியும் கரும்பச்சையாகவே நின்றால், உங்கள் கிணறும் எருவும் அவ்வளவு கொடுக்கின்றன என்று பொருள்.

முழு அளவுப் பாத்தியில் தாளை விரலுக்கிடையில் மடித்துப் பாருங்கள். சடக்கென்று முறிந்து சாறு விடும். தாள் அகலமாகவும் தொளதொளத்தும் இருக்கும். இலைப்பேனும் தாள்கருகலும் அங்கேதான் முதலில் ஏறுவதைக் காண்பீர்கள். மிளகாயிலும் அப்படித்தான். நைதரசன் கூடிய கன்று கொழுத்து வளரும், இலை சுருளும், பூ தள்ளிப் போகும், மருந்துச் செலவு ஏறும்.

அறுவடையில் மூன்று பாத்தியையும் வேறு வேறாக நிறுத்து எழுதி வையுங்கள். ஒரு மாதம் கட்டித் தொங்கவிட்ட பிறகு திரும்ப நிறுங்கள். இரண்டாவது நிறைதான் முக்கியம். அதிக யூரியா குடித்த வெங்காயத்தின் கழுத்து தடித்திருக்கும், காயாது, தொங்கும்போதே அழுகும். பச்சையாக நிறுக்கும்போது அரைக் கிலோ கூடி நின்றதெல்லாம் விதைக்கு எடுக்கும் நேரத்தில் காணாமல் போயிருக்கும்.

எப்போது, எப்படிப் போடுவது

வெங்காயம் முதல் இரண்டு கிழமை விதைக்கிழங்கில் உள்ளதை வைத்தே முளைத்து வேர்விடும். அந்த நேரத்தில் யூரியா போட்டால் எடுக்க வேர் இல்லை. ஆகவே அடிக்கட்டில் எருவும் ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையும் பொட்டாசும் போதும், யூரியா வேண்டாம். இரண்டு கிழமை கழித்துச் சிறிதளவு, நாலாம் கிழமையில் பெரிய பங்கு, ஆறாம் கிழமை அளவில் மிச்சம், அதுவும் ஒப்புப் பாத்தி கேட்டால். கிண்டுவதற்கு முந்திய மூன்று கிழமையில் ஒரு மணி யூரியாவும் விழக் கூடாது.

போன போகத்தில் மருமகன் வந்து கேட்டான்: “மாமா, பக்கத்துத் தோட்டத்தில ரெண்டு முறை யூரியா போட்டுட்டினம். நாங்கள் இன்னும் போடேல்லையே?”

“தாளைப் பிடுங்கிப் பாத்தனியோ தம்பி?”

“பாத்தனான். ரெண்டும் ஒரே பச்சைதான்.”

“அப்ப எதுக்குப் போடுறது?”

அவன் தயங்கியதில் பிழை இல்லை. அயல் தோட்டம் கருகருவென்று நிற்கும்போது பொறுத்திருப்பது கஷ்டம். தாளும் தராசும்தான் அந்தத் தைரியத்தைத் தரும், நான் சொல்லும் வார்த்தை தராது.

போடும் முறைக்கு வருவோம். மிளகாய், கத்தரி, கோவா போன்றவற்றில் கன்றிலிருந்து நாலு விரல் தள்ளிக் கோடு இழுத்து, இரண்டு விரல் ஆழத்தில் போட்டு மண்ணால் மூடுங்கள். மண்ணுக்குள் போன யூரியாவில் இருந்து அமோனியா இலகுவில் பறக்காது. வெங்காயப் பாத்தியில் நெருக்கமாக நட்டிருப்பதால் கோடு இழுக்க இடமில்லை. அங்கே கரைத்து ஊற்றுவதுதான் நல்லது. ஒரு வாளியில் ஒரு கிலோ யூரியாவைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். கரையும்போது வாளி ஐஸ் போலக் குளிரும். அது அதன் குணம். அந்தக் குளிர் போய், அடியில் மணி எதுவும் இல்லாமல் கரைந்த பிறகு 200 லீற்றர் பரலில் ஊற்றி நிரப்புங்கள். அந்தப் பரல் ஒரு பரப்புக்கு. பின்னேரம் பூவாளியால் சீராக ஊற்றி, உடனே தாளைக் கழுவுகிற மாதிரி லேசாகத் தண்ணீர் விடுங்கள்.

லேசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். யூரியா அமோனியமாக மாறுவதற்கு முன் தண்ணீரோடு சேர்ந்து ஓடக் கூடியது. போட்ட அன்றே வரம்பு முட்ட இறைத்தால் யூரியாவாகவே வேரைத் தாண்டிப் போய்விடும். 10 மில்லிமீற்றர் போதும், பரப்புக்கு 2,500 லீற்றர். நான் மேலே சொன்ன மோட்டரென்றால் எட்டு ஒன்பது நிமிஷ வேலை. தூவல் நீர்ப்பாசனமோ சொட்டு நீர்ப்பாசனமோ வைத்திருப்பவர்கள் பசளைக் கரைசலை இறைப்பின் கடைசிப் பகுதியில் விடுங்கள். முதலில் விட்டால் பின்னால் வரும் தண்ணீர் அதைக் கீழே தள்ளிவிடும்.

வழக்கமான இறைப்புக்கும் ஓர் அளவு வேண்டும். வெங்காயத்துக்கு ஒரு தடவைக்கு 25 மில்லிமீற்றர் தாராளம். பரப்புக்கு 6,300 லீற்றர், அதே மோட்டருக்கு இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல். ஒரு பரப்புக்கு ஒரு மணித்தியாலம் ஓடவிட்டால் 70 மில்லிமீற்றருக்கு மேல் போகிறது. கூடுதலாகப் போனது முழுக்க நைத்திரேற்றைச் சுமந்துகொண்டு கீழே போகும். இறைத்த மறுநாள் மெல்லிய இரும்புக் கம்பியைப் பாத்தியில் குத்திப் பாருங்கள். ஈர மண்ணில் இலகுவாக இறங்கும், காய்ந்த மண்ணில் நின்றுவிடும். ஓர் அடிக்கு மேல் இறங்கிக்கொண்டே போனால் அடுத்தமுறை நேரத்தைக் குறையுங்கள். டீசல் செலவும் மின்சாரச் செலவும் குறைவது உடனே கையில் தெரியும் இலாபம்.

எந்தப் பசளை

வேம்பு எங்களிடம் தாராளமாக இருக்கிறது. வேப்பங்கொட்டையில் உள்ள சில பொருட்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக்கும் பக்டீரியாவின் வேகத்தைக் குறைக்கின்றன. இந்தியாவில் 2015 முதல் உள்நாட்டில் செய்யும் யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசியே விற்க வேண்டும் என்று ஆக்கினார்கள். நாங்கள் வீட்டிலேயே செய்யலாம். 5 கிலோ யூரியாவுக்கு நன்றாக இடித்து அரித்த வேப்பம் பிண்ணாக்குத் தூள் ஒரு கிலோ. நிழலில் சாக்கில் கொட்டிப் பிரட்டி, ஓர் இரவு கட்டி வைத்து, மறுநாள் போட்டுவிட வேண்டும். கன நாள் வைத்தால் ஈரம் இழுத்துக் கட்டிபடும். இதையும் மண்ணுக்குள் புதைத்துத்தான் போட வேண்டும். வேம்பு நைத்திரேற்று ஆவதைத் தாமதப்படுத்துகிறதே தவிர, மேலே கிடந்தால் அமோனியா பறப்பதை நிறுத்தாது.

மெல்லக் கரையும்படி பூச்சுப் போட்ட யூரியா விலை கூட. மிளகாய் போல மாதக்கணக்கில் நிற்கும் பயிருக்கு அது பொருந்தும், வெங்காயத்துக்கு வேண்டாம். பையில் எழுதியிருக்கும் நாள் கணக்கு பெரும்பாலும் குளிர்ந்த மண்ணை வைத்துச் சொன்னது. எங்கள் மண்ணின் சூட்டுக்கு அதைவிடச் சீக்கிரம் கரையும்.

திரவ நனோ யூரியாவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 2021-இல் இங்கே வந்த அந்தச் சரக்கில் நைதரசன் 4 சதவீதம். அரை லீற்றர் போத்தலில் 20 கிராம். 45 கிலோ யூரியாப் பையில் 20 கிலோவுக்கு மேல். இலைக்குத் தெளித்தது நன்றாக உறிஞ்சப்பட்டாலும் 20 கிராம் 20 கிராம்தான். பயிர் உடம்பைக் கட்ட வேண்டிய நைதரசன் அதற்குள் இல்லை. அதை நம்பி மண்பசளையை விட்டுவிட வேண்டாம்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடை செய்து, நவம்பரில் தளர்த்தியது. ஆயத்தம் ஒன்றும் இல்லாமல் பூச்சியத்துக்குப் போகச் சொன்னதால் கமக்காரர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் நான் யூரியாவை விடுங்கள் என்று சொல்வதில்லை. அளந்து போடுங்கள் என்கிறேன்.

குழை தாழ்ப்பதை, அதாவது இலை குழைகளை மண்ணுக்குள் புதைத்து உக்க விடுவதை, திரும்பத் தொடங்குங்கள் என்றும் சொல்வேன். எங்கள் தகப்பன்மார் பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்த தோட்டங்கள்தான் இவை. மண்ணில் உக்கல் கூடினால் தண்ணீரும் பசளையும் கீழே ஓடாமல் மண்ணில் தங்கி நிற்கும். வேலியில் சீமைக்கிளுவை நட்டால் வருஷத்தில் பல முறை வெட்டலாம். இலையில் நல்ல நைதரசன், சீக்கிரம் உக்கும், நடுவதற்கு இரண்டு கிழமை முன் தாழ்த்தால் சரி. பனையோலை அப்படி இல்லை. அது உக்கும்போது மண்ணில் உள்ள நைதரசனைத் தனக்கு இழுக்கும், பயிர் மஞ்சளாகும். அதைப் போகத்துக்கு மாதக்கணக்கில் முன்பே ஆழமாகத் தாழ்க்க வேண்டும்.

மாரிக்கு முன்

வருஷ மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிவரை கொட்டிவிடுகிறது. கோடைப் பயிர் கிண்டிய தோட்டம் அந்த நேரம் வெறுமனே கிடந்தால் மண்ணில் மிஞ்சிய நைத்திரேற்று முழுக்க ஒரே மழையில் கிணற்றுக்குப் போகும். புரட்டாதியில் கோழி எருவைப் பரப்பிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிட மோசம்.

முதல் மழையோடு குரக்கனோ சோளமோ நெருக்கமாக விதைத்துவிடுங்கள். தானியத்துக்காக இல்லை, அதன் வேர் கீழே இறங்கி மிச்ச நைதரசனை உடம்பில் ஏற்றி வைக்கும். கதிர் தள்ளுவதற்கு முன் வெட்டித் தாழ்த்தால் தையில் நடும் பயிருக்கு அது திரும்பக் கிடைக்கும். மாடு வைத்திருப்பவர் வெட்டிப் போட்டுச் சாணமாகவும் எடுக்கலாம். சணல் விதைப்பது மண்ணுக்கு நல்லதுதான், ஆனால் அது காற்றிலிருந்து புதிதாக நைதரசன் சேர்க்கும் பயிர். நைத்திரேற்று ஏறிய கிணற்றுக்குப் பக்கத்தில் குரக்கனைத்தான் நான் தேர்வேன்.

பயிர்களை மாற்றுவதிலும் இதே யோசனை. வெங்காயத்துக்குப் பின் வெங்காயம் வைத்தால் ஓர் அடிக்குக் கீழே போனதை யாரும் எடுக்க மாட்டார்கள். வெங்காயத்துக்குப் பிறகு கத்தரி வையுங்கள். அதன் வேர் ஆழம் போகும், கீழே நிற்பதை மேலே கொண்டுவரும், அதற்குத் தனியாக யூரியாவும் குறைவாகவே தேவைப்படும்.

கீரை செய்பவர்கள் பிடுங்குவதற்கு முந்திய கிழமையில் யூரியா போட வேண்டாம். எடுத்த நைத்திரேற்றைப் புரதமாக்க இலைக்கு வெளிச்சமும் நேரமும் வேண்டும். விடிய எடுக்கும் கீரையைவிடப் பின்னேரம் எடுக்கும் கீரையில் நைத்திரேற்றுக் குறைவு.

வீட்டுக் கிணறு

தோட்டக் கிணற்றையே வீட்டுக்கும் பாவிப்பவர்கள் எங்களில் நிறையப் பேர். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மாப்பால் கரைப்பதென்றால் சோதித்துப் பார்க்காத தோட்டக் கிணற்றுத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். நைத்திரேற்று அந்தச் சின்ன உடம்பில் நைத்திரைற்று என்ற வேறொரு பொருளாக மாறி, இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் வலுவைக் குறைக்கும். குழந்தை நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் போகும் என்று பல தாய்மார் நம்புகிறார்கள். போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைந்து நைத்திரேற்று இன்னும் செறியும். வடிதுணியோ சாதாரண மண் வடிகட்டியோ உதவாது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் சுத்திகரித்த தண்ணீரோ, சோதித்து 50-க்குக் கீழே என்று கண்ட கிணற்றுத் தண்ணீரோதான் வேண்டும்.

சோதனையில் வீட்டுக் கிணறு தோட்டக் கிணற்றைவிட அதிகம் காட்டினால் மலசலகூடக் குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுண்ணக்கல் வெடிப்பு வழியாகக் குழித்தண்ணீர் கிணற்றுக்கு வர அதிக காலம் எடுக்காது. அடிகட்டிய, கசியாத தொட்டியாக மாற்றும் செலவு பெரியதுதான். அது முடியும்வரை குடிதண்ணீரை வேறு கிணற்றில் இருந்து எடுங்கள், அதையும் சோதித்த பிறகு.